‘பைத்தியம்’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணனுக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது அவருக்கு 41. இந்த வருஷங்களில் உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அண்ணனின் பழைய சிநேகிதர்கள், நான் தமிழ் நடத்தும் பள்ளியின் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வந்தவை. நோயைப் பற்றி மருத்துவர் சொல்வார். சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் இங்கே இருக்காது.

‘பைத்தியம்’ எந்தச் சொல்லிலிருந்து வந்தது?

பித்தத்திலிருந்து. வடமொழியில் பித்தத்தைச் சார்ந்தது ‘பைத்ய’. அது தமிழுக்கு வந்து பைத்தியம் ஆனது. வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு இருந்தால் உடம்பு சுகம், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோய் என்பது நம் வைத்தியத்தின் பழைய கணக்கு. மருந்து அதிகாரத்தின் முதல் குறளே (941) இதைத்தான் சொல்கிறது. மூன்றில் பித்தம் சூட்டோடு சேர்ந்தது. அது கூடித் தலைக்கு ஏறினால் பேச்சும் நடத்தையும் மாறும் என்று நம்பினார்கள். “தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி” என்று இன்றைக்குக் கேலியாகச் சொல்கிறோமே, அது பித்தத்தைத் தணிக்க நிஜமாகவே செய்த வைத்தியத்தின் மிச்சம்.

கிரேக்கர்களும் இதே வழியில் யோசித்திருக்கிறார்கள். மெலன்கோலியா என்ற சொல்லைப் பிரித்தால் ‘கரும்பித்தம்’ என்றுதான் வரும்.

ஆகவே பைத்தியம் முதலில் ஒரு வைத்தியச் சொல். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று இன்றைக்குச் சொல்வதுபோல, உடம்பில் ஒன்று கூடிவிட்டது என்று காரணம் காட்டுகிற சொல். ஆளைப் பழிக்கும் தொனி அதில் பிற்பாடு ஏறியது.

பித்து, பித்தன் என்ற சொற்களும் இதே குடும்பமா? அவை மட்டும் ஏன் காதில் உறுத்துவதில்லை?

அதே குடும்பம்தான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த வீடு வேறு.

பெரியபுராணத்தில் வரும் கதை தெரிந்திருக்கும். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு வயசான அந்தணர் வந்து, இவன் எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். ஒரு அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, நீர் பித்தரோ என்று சுந்தரர் கேட்டுவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, என்ன பாடுவது என்று இவர் தவிக்க, என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்று சிவன் சொல்கிறார். ‘பித்தா பிறைசூடீ’ என்று சுந்தரரின் தேவாரம் தொடங்குகிறது. கோபத்தில் எறிந்த சொல் முதல் சொல்லாகிவிட்டது. வைணவத்தில் குலசேகர ஆழ்வார் தன்னையே பித்தன், பேயன் என்று சொல்லிக்கொள்கிறார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று பழமொழியும் இருக்கிறது. இங்கெல்லாம் பித்து என்றால் அளவு மீறிய அன்பு.

இதை நான் வகுப்பில் நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: “அப்போ பைத்தியம்னு சொன்னாத் தப்பில்லையா சார்?” சுந்தரர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். சிவனைப் பார்த்து. திருப்பிக் கேட்க முடிந்தவரைப் பார்த்து. நம் தெருவில் தலை கலைந்து நடக்கிறவருக்குத் திருப்பிக் கேட்க ஓலையும் கிடையாது, சபையும் கிடையாது.

‘கிரிக்கெட் பைத்தியம்’ என்று சொல்லலாமா?

தாராளமாக. அங்கே பொருள் தீராத ஆசை. என் அண்ணனே தன்னை இளையராஜா பைத்தியம் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

ஊருக்கு ஊர் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

நிறைய. மதுரைப் பக்கம் கிறுக்கு. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கோட்டி, கோட்டிக்காரன். இலங்கைத் தமிழில் விசர், விசரன். அங்கே வெறிநாய்க்கும் விசர்நாய் என்றுதான் பெயர். “உனக்கென்ன விசரோ?” என்று செல்லமாகவும் கேட்பார்கள், கோபமாகவும் கேட்பார்கள். சென்னையில் லூசு, மெண்டல். இவை இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து இங்கே வேறு வாழ்க்கை வாழ்கின்றன. தளர்ந்தது என்ற பொருளுள்ள சொல், திருகாணி கழன்ற தலை என்ற படத்தோடு சேர்ந்து லூசு ஆனது. மறை கழன்றது, நட்டு கழன்றது என்பதும் அதே பட்டறையில் செய்த சொற்கள். மனத்தைச் சார்ந்த என்று மட்டும் பொருள்படும் மெண்டல், தமிழில் ஒரு ஆளைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

எழுத்துத் தமிழில் சித்தபிரமை, புத்தி பேதலிப்பு, உன்மத்தம். இந்த உன்மத்தம்தான் ஊமத்தைச் செடிக்கும் பெயர் தந்தது. அதைத் தின்றால் புத்தி தடுமாறும் என்பதால்.

‘கீழ்ப்பாக்கம் கேஸ்’, ‘ஏர்வாடிக்கு அனுப்பு’ என்கிறார்களே, ஊர்ப் பெயர் எப்படி வசையானது?

சென்னையில் மனநோய்க்கான காப்பகம் 1794-ல் ஆரம்பித்தது. 1871-ல் கீழ்ப்பாக்கம் பகுதிக்கு இடம் மாறியது. இன்றைக்கும் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் அரசு மனநலக் காப்பகமாக இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல், தமிழ்நாட்டில் இந்த நோய்க்கு மக்களுக்குத் தெரிந்த முகவரி அதுதான். உள்ளே போனவர்கள் பல பேர் திரும்பி வரவில்லை, வீட்டார் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஊர்ப் பெயர் ஒரு பயத்தின் பெயரானது அப்படித்தான். இலங்கையில் அங்கொடைக்கும் இதே கதி. அங்கே இருப்பது இப்போது தேசிய மனநல நிறுவனம்.

கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கென்று ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு உள்ளவர் வீட்டிலேயே இருந்து சிகிச்சை எடுத்து வேலைக்கும் போகலாம் என்பதை அவர் தலைமுறை மருத்துவர்கள்தான் இங்கே நடத்திக் காட்டினார்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஒருவர் கேலி பேசும்போது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஏர்வாடி வேறு கதை. ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா அது. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்தினரும் போகிறார்கள். தர்காவைச் சுற்றித் தனியார்கள் கீற்றுக்கொட்டகைகளில் ‘காப்பகங்கள்’ நடத்தினார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படி ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். ஓடக்கூட முடியவில்லை. ஏர்வாடிக்கு அனுப்பு என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, கேட்கிறவர்களில் யாருடைய வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

மருத்துவர்கள் ‘பைத்தியம்’ என்று எழுதுவார்களா?

மாட்டார்கள். அப்படி ஒரு நோயே கிடையாது. காய்ச்சல் என்றால் டெங்குவா, டைபாய்டா, மலேரியாவா என்று பார்ப்பதுபோல, ஊர் பைத்தியம் என்று ஒரே மூட்டையில் கட்டுவதை அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். மனச்சிதைவு ஒன்று. மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு ஒன்று. தீவிர மனச்சோர்வு ஒன்று. குடியை நிறுத்தியதும் வரும் குழப்பம் ஒன்று. தைராய்டோ மூளைக் காய்ச்சலோகூட இப்படிக் காட்டலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, போக்கு வேறு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் ஜன்னலைச் சாத்திவைக்க ஆரம்பித்தார். தெருமுனை டீக்கடைக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றார். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். கேட்டவர்களிடம் அம்மா, “டைபாய்டு வந்து தலைக்கு ஏறிடுச்சு” என்றார். அப்புறம் “நரம்புத் தளர்ச்சி” என்றார். பைத்தியம் என்ற சொல்லை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதிலேயே எங்கள் கவனமெல்லாம் இருந்தது. அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் எங்களிடம் இல்லாததால் நோயையும் பேசாமல் விட்டோம். இரண்டு வருஷம் போய்விட்டது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

மனச்சிதைவு என்றால் ஒருவர் இரண்டு ஆளாக மாறிவிடுவதா?

இல்லை. சினிமாவில் காட்டும் இரட்டை ஆளுமை வேறு.  மனச்சிதைவு அபூர்வமான நோய் இல்லை, உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, எவ்வளவு விளக்கினாலும் அசையாத சந்தேகம், பேச்சில் தொடர்ச்சி அறுவது, எதிலும் பற்றில்லாமல் ஒதுங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். 1908-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், பிளவு, மனம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் வைத்தார். நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிப் போவதைத்தான் அவர் பிளவு என்றார். கேட்டவர்கள் ஆளே இரண்டாகப் பிளந்ததாக எடுத்துக்கொண்டார்கள். தமிழில் மனப்பிளவு, மனச்சிதைவு என்று வந்தது. சிதைவு என்றால் நமக்குச் சிதைந்த கோயிலும் சிதைந்த உடலும் நினைவுக்கு வருகின்றன. மறுபடி கட்ட முடியாது என்பதுபோல ஒரு கனம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஜப்பானிலும் இதே சங்கடம் இருந்தது. அவர்கள் பெயரும் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளில்தான் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் சேர்ந்து கேட்டுக்கொண்டதன் பேரில் 2002-ல் அந்தப் பெயரை விட்டுவிட்டு, ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் நோயாளியிடம் நோயின் பெயரை மருத்துவர் சொல்வதே அரிது, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமானவர்களுக்குத்தான் சொல்லியிருந்தார்கள். பெயர் மாறிய இரண்டு மூன்று வருஷத்தில் அது 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. மருந்து மாறவில்லை. சொல் ஒன்று மாறியதால் மருத்துவர் வாய் திறந்தார்.

கொரியாவில் செய்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. தந்தி வாத்தியத்தைச் சுருதி கூட்டுவது என்ற பொருள் வரும்படி பெயரை மாற்றினார்கள். சுருதி கலைந்திருக்கிறது, திரும்பக் கூட்டலாம் என்று அர்த்தம். நம் பழந்தமிழில் யாழின் தந்திக்குப் பெயரே நரம்புதான். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இன்னும் சிதைவு என்றே சொல்கிறோம். மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. மாறும் வரைக்கும், மருத்துவமனையில் எல்லோருக்கும் புரியும் பெயர் என்பதால் நானும் மனச்சிதைவு என்றே சொல்கிறேன்.

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றா?

இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். நாளைக்குப் பரீட்சை, கையில் காசில்லை, மேலதிகாரி திட்டுகிறார், அதனால் வருவது மன அழுத்தம். காரணம் தீர்ந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் பொழுது விடிந்தாலே பாரமாக இருக்கிறது, பிடித்த எதிலும் ருசி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு, சிகிச்சை தேவைப்படும் நோய். பத்திரிகைகள் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகின்றன. அதனால்தான் நோயாளியிடம் “யாருக்குத்தான் டென்ஷன் இல்லை, கோயிலுக்குப் போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு நகர்கிறோம்.

அறிவுத்திறன் குறைபாடும் மனநோயும் வேறா?

வேறு. முன்பு மனவளர்ச்சி குன்றியவர் என்று சொன்ன நிலை, பிறப்பிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ கற்கும் வேகம் குறைவாக இருப்பது. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம். என் அண்ணன் கணக்கில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள்.

‘சைக்கோ’ என்பது மருத்துவச் சொல்லா?

இல்லை. நிஜ உலகத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலைக்கு சைக்கோசிஸ் என்று பெயர். இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத குணத்துக்கு சைக்கோபதி என்று வேறு பெயர். இரண்டின் வாலையும் வெட்டிவிட்டு ‘சைக்கோ கொலையாளி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். அண்ணனின் சீட்டில் சைக்கோசிஸ் என்று எழுதியிருந்ததைப் பார்த்த மருந்துக்கடைப் பையன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். சத்தமாகவே கேட்டான்: “அண்ணே, அடிப்பாரா?” அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார், கையில் குடையோடு. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை. அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நேர்கிறது.

சட்டம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது?

1912-ல் வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தின் பெயர் இந்திய லூனசி சட்டம். லூனா என்றால் லத்தீனில் நிலா. நிலா வளர்ந்தால் புத்தி கலங்கும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கை சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. 1987-ல் அதற்குப் பதிலாக மனநலச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு இவற்றில் வரும் கணிசமான கோளாறு, அது முடிவெடுக்கும் திறனையோ அன்றாட வாழ்க்கையையோ கடுமையாகப் பாதிப்பது என்று மனநோயை அது வரையறுக்கிறது. அறிவுத்திறன் குறைபாட்டை இதில் சேர்க்கவில்லை.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. உயில் எழுதும்போது “சித்த சுவாதீனத்துடன் எழுதிக்கொடுத்தது” என்று போடுவார்கள். மனநோய் என்று சீட்டு இருந்தாலே சித்த சுவாதீனம் இல்லை, சொத்தில் கையெழுத்துச் செல்லாது என்று சொந்தக்காரர்கள் சிலர் கிளம்பிவிடுவார்கள். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது, அதை உரிய நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய் சிகிச்சைக்கும் தர வேண்டும் என்கிறது.

ஒருவரை ‘பைத்தியம்’ என்று திட்டினால் குற்றமா?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பலர் பார்க்க அவமதித்தால், 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அண்ணன் தம்பி சண்டையில் “போடா பைத்தியம்” என்றதற்கு இது பொருந்தாது. நோயோடு இருக்கிற ஒருவரை நடுத்தெருவில் நிறுத்திச் சொன்னால் பொருந்தும்.

அப்படியென்றால் எந்தச் சொல்லைச் சொல்வது?

மனநோய் உள்ளவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், இரண்டும் சரி. மனநோயாளி என்பதையும் தவறு என்று சொல்ல மாட்டேன், சர்க்கரை நோயாளி என்பதுபோல அதுவும் ஒன்று. ஆனால் சிகிச்சையில் இல்லாத நேரத்திலும் ஒருவரை வாழ்நாள் முழுக்க நோயாளி என்றே குறிப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை. ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’, ‘மனநலம் குன்றியவர்’ இரண்டையும் விட்டுவிடலாம்.

வெளியாருக்கு இது போதும். வீட்டுக்குள் இன்னொன்று தேவைப்படுகிறது: அவருக்கே சொல்ல வருகிற ஒரு சொல். அண்ணன் காதில் கேட்கும் குரலை மருத்துவர்கள் மாயக்குரல் என்கிறார்கள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “எனக்கு நிஜமாக் கேக்குது, மாயம்ங்கறாங்க” என்பார். ஒருநாள் அவராகவே ‘ரேடியோ’ என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ரேடியோதான். “இன்னைக்கு ரேடியோ எப்படி?” என்று கேட்டால், “சத்தம் கம்மி” என்றோ “காலையிலேருந்து ஓயலை” என்றோ சொல்லிவிடுவார். ஓயவில்லை என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் சொன்னால் மருத்துவருக்குப் போன் செய்கிறேன். இந்த ஒரு சொல்லால் இரண்டு முறை பெரிய சறுக்கலைத் தடுத்திருக்கிறோம்.

பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்கிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகலாமா?

போங்கள். குணசீலத்தில் மண்டலக் கணக்கில் தங்கிப் பெருமாளைச் சேவித்து ஆறுதல் அடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நாங்களும் தங்கியிருக்கிறோம். மருந்தை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஏர்வாடியிலேயே இப்போது பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து நடக்கிற ஏற்பாடு இருக்கிறது. மருந்தை நிறுத்து என்று சொல்கிற இடம், கட்டிப்போடுகிற இடம், அடிக்கிற இடம், அங்கெல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்க வேண்டாம்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற பழமொழி, ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும் சிக்கலைச் சொல்ல வந்தது. அதில் முதல் பாதியை மட்டும் பிய்த்து வைத்தியக் குறிப்பாக வைத்துக்கொண்டோம். “ஒரு கால்கட்டு போட்டுடு” என்று என் அம்மாவிடம் சொன்னவர்களை எண்ணி முடியாது. நோயை மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் இரண்டு பேர் வாழ்க்கை போகிறது. நோய் கட்டுக்குள் இருந்து, எதிராளிக்கு எல்லாம் தெரிந்து, இருவரும் விரும்பினால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். அப்படி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

‘தெளிந்துவிட்டது’ என்றால் மருந்தை நிறுத்தலாமா?

தெளிவு என்பது அழகான சொல். கலங்கிய தண்ணீர் தெளிவதுபோல. ஆனால் கலங்கல் அடியில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். நாமாக மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பக் கலங்கும், முன்பைவிட அதிகமாகவும் கலங்கலாம். எப்போது குறைப்பது, நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதற்கு எதிர்முனையில் “பைத்தியம் தெளிந்தது, உலக்கையை எடுத்துக் கோவணம் கட்டு” என்று ஒரு பழமொழி உண்டு. தெளியவே தெளியாது என்று சொல்லிச் சிரிப்பது. இதை வகுப்பில் நான் நடத்துவதில்லை.

பாட்டி நேற்றிலிருந்து பினாத்துகிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயதானவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்று, சோடியம் அல்லது சர்க்கரை இறங்குவது, மருந்து ஒத்துக்கொள்ளாதது என்று உடம்பில் அவசரமான காரணம் ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். முன்னோர் இதைச் சன்னி என்று தனியாகவே வைத்திருந்தார்கள். அதேபோல, பிரசவமான சில நாளில் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால், குழந்தையைப் பார்த்துப் பயந்தால், அதுவும் அவசரம். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. நல்ல சிகிச்சை இருக்கிறது.

வர மாட்டேன் என்கிறவரை என்ன சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போவது?

“உனக்கு மனசு சரியில்லை” என்று ஆரம்பித்தால் நடக்காது. அவருக்குச் சரியாகவே இருக்கிறது, ஊர்தான் சரியில்லை. அவரே ஒத்துக்கொள்ளும் தொந்தரவு எது என்று பாருங்கள். பெரும்பாலும் தூக்கம் இருக்கும். எங்கள் அம்மா கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருக்கியேப்பா, கண்ணெல்லாம் எரியுமே. தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்.” அது பொய்யும் இல்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடினார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. எப்போதிலிருந்து மாற்றம், என்ன சொல்கிறார், தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பிட்ட மருந்துகளின் அட்டை, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போய் அவர் முன்னால் அடுக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. அன்றைக்கே வர மறுத்தால், நீங்கள் மட்டும் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.